தலைவரின் சத்து மாத்திரை

மனித குல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய விழா ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, சைக்கிள் கடைக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவிலிருந்த காலி இடத்தில் நடைபெற்றது. கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் நிறுவனரும், நிரந்தரத் தலைவரும், மெத்தைத் தொழில் மேதையுமான தலைவர் அவர்கள் காசநோயை நேருக்கு நேர் நின்று வீழ்த்தியதற்காகப் பாராட்டு. கேடயம் வழங்கியது சங்கச் செயலாளர். கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்தது தலைவர். அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தை எழுதித் தந்ததும் தலைவரே. "ரொம்பப் புகழாதீங்கப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினார். எழுதி முடித்த பிறகு 'மாவீரர்' என்பதற்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஒன்றைச் சொருகினார்.

விழாவுக்கு வருவதற்கு முன்னால் ஆறேழு மாதம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. தலைவர் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய தூரமில்லை.

மெத்தைக்கடை என்பது நீளமான ஒரே அறை, இரண்டு தடுப்பு. முன்பக்கம் கடை. நடுவில் பஞ்சு அறை. பஞ்சைப் பிரித்துப் போடுகிற மெஷின் அங்கேதான் கடகடவென்று ஓடும். பின்பக்கம் அடுப்பும் கட்டிலும். வீட்டில் பஞ்சு படியாத பொருள் கிடையாது. குடத்தின் விளிம்பில், கடிகார முள்ளில், சோற்றில். "எங்க வீட்டுச் சோறு மட்டும் எப்பவும் மெத்துனு இருக்கும்" என்று தலைவரின் மனைவி சொல்வாள்.

அவளைக் கடைத்தெரு முழுவதும் அண்ணி என்றுதான் கூப்பிடும். செயலாளர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவருக்கும் அண்ணிதான். கணவன் மனைவிக்குள் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. கூட்டம், தீர்மானம், மனு, வெளியூர் மாநாடு எல்லாம் தலைவர் தலையில். துணி வெட்டுவது, உறை தைப்பது, பஞ்சு அடைப்பது, கோணி ஊசியால் குத்தி முடிச்சுப் போடுவது, ஓரம் தைப்பது, விற்பது, சமைப்பது போன்ற சில்லறை வேலைகள் அண்ணிக்கு. ஒரே பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை நல்லவன், வாரத்துக்கு ஒரு தடவைதான் போன் பண்ணுவான்.

மழைக்காலம் மெத்தைக்காரனுக்குப் பிறவி விரோதி. பஞ்சு ஈரம் குடித்துக் கனத்துப்போகும். வெயில் எட்டிப் பார்த்தால் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டும், கறுத்தால் அள்ளிக்கொண்டு கீழே ஓட வேண்டும். ஓடுவது அண்ணி. அந்த மழைக்காலத்தில் தலைவர் இருமத் தொடங்கினார். முதலில் பேச்சுக்கு நடுவில் இருமினார். பிறகு இருமலுக்கு நடுவில் பேசினார். சட்டைக்குள் ஆள் சின்னதாகிக்கொண்டே வந்தார். சாயங்காலமானால் காய்ச்சல்.

"பஞ்சுங்க. வேறென்ன? இருபது வருஷமா மூக்குல போனது இப்ப வாய் வழியா வெளிய வருது" என்றாள் அண்ணி.

"தொழிலுக்காக நுரையீரலையே கொடுத்தவன் இந்தக் கடைத்தெருவுல வேற யாரு?" என்று தலைவர் சைக்கிள் கடை வாசலில் கேட்டார். சைக்கிள் கடைக்காரர்தான் செயலாளர். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "யாரும் இல்ல தலைவரே" என்றார். அதைச் சொல்லத்தான் அவர் செயலாளராக இருந்தார்.

சளியில் ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். காசம் என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை. அது கிருமியால் வருவது, பஞ்சால் வருவதில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தலைவர் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறுநாளே சங்கத்தைக் கூட்டி, தன்னைத் தாக்கியிருப்பது 'பஞ்சு நோய்' என்றும், இது உழைக்கும் வர்க்கத்தின் நோய் என்றும், தான் அஞ்சப்போவதில்லை என்றும் அறிவித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதை எதிர்த்து என்பது மட்டும் தெளிவாக இல்லை.

காசம் வந்த எல்லோருக்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எடுப்பது வழக்கம். சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றால் தலைவருக்கு என்ன தாள் என்று பார்க்கிற பழக்கமில்லை. பெயருக்குக் கீழே 'தலைவர்' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

முடிவைச் சொன்னது மாத்திரை அக்கா. காச நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற மருத்துவமனை ஊழியர். நாற்பது வயசு, தேய்ந்த செருப்பு, பெரிய பை. அவள் வந்தால் தெருவே மரியாதையாக வாயைத் திறந்து காட்டும். அன்று அவள் தலைவரை மருத்துவமனையில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். எச்.ஐ.வி.யும் இருக்கிறது என்று நேராகச் சொன்னாள்.

தலைவர் வெகுநேரம் சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அரசியல் சதி" என்றார்.

"அண்ணே, உங்க ரத்தத்துல யாரும் அரசியல் பண்ணல. ரெண்டு தடவை பாத்தாச்சு."

"நான் எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுமா?"

"கிருமிக்குத் தெரியாதுண்ணே. கேளுங்க. காசம் வெளிய நிக்கிற திருடன். அவன் பல பேர் வாசல்லயும் நிப்பான். கதவு பலமா இருந்தா உள்ள வர மாட்டான். இது உள்ளேருந்து தாழ்ப்பாளைத் திறந்து விடுது. அதனாலதான் காசம் வந்தவங்களுக்கு இதையும் பாக்கறோம். ரெண்டுக்கும் மாத்திரை இருக்கு. காசத்துக்கு ஆறு மாசம். இதுக்கு ஆயுசு முழுக்க. போட்டுக்கிட்டே இருந்தா பேரன் கல்யாணத்துல தலைமை தாங்கலாம்."

தலைமை என்ற சொல் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

"இப்ப ஒண்ணுதான் முக்கியம்" என்றாள் அக்கா. "அண்ணியைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் ரெண்டையும் பாக்கணும். இருந்தா உடனே மருந்து. இல்லைன்னா வராம தடுத்துக்கலாம். நான் போய்ச் சொல்ல முடியாது. சொல்லக் கூடாதுன்னு சட்டம். உங்க வாயாலதான் வரணும். எத்தனை மேடையில பேசின வாய்!"

தமக்கு அது எங்கிருந்து வந்திருக்கும் என்பது தலைவருக்குத் தெரிந்திருந்தது. மாநாடு நடந்த ஊர்களில் நிறைவேறியவை தீர்மானங்கள் மட்டுமல்ல. அதை அண்ணியிடம் சொல்வதென்றால் அந்த ஊர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"சொல்லிடறேன்" என்றார். "உரிய நேரத்தில்."

மேடை மொழியில் 'உரிய நேரம்' என்றால் என்ன பொருள் என்று மாத்திரை அக்காவுக்கு அப்போது தெரியாது.

காச மாத்திரையைத் தலைவர் கடை வாசலில் நாற்காலி போட்டு, பத்துப் பேர் பார்க்க விழுங்கினார். இரண்டு வாரம் கழித்து வந்த எச்.ஐ.வி. மாத்திரைப் புட்டிக்கு ஒளிய இடம் வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அண்ணியின் கை படாத இடமே கிடையாது. ஒன்றைத் தவிர. கடையின் உயரமான பலகையில் ஒரு மெத்தை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பொருட்காட்சிக்காகத் தலைவர் தம் கையாலேயே அடைத்துத் தைத்தது. அவர் வாழ்நாளில் முழுதாகச் செய்த ஒரே மெத்தை அதுதான். 'மாதிரி. விற்பனைக்கு அல்ல' என்று அட்டை தொங்கும். அதன் ஓரத்தை நான்கு விரல் அகலத்துக்குப் பிரித்து, பஞ்சுக்கு நடுவில் புட்டியைத் திணித்து, மறுபடி தைத்தார். தினமும் அண்ணி மாடிக்குப் பஞ்சு காயப்போடப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறுவார். நூலை இழுப்பார். ஒன்றை விழுங்குவார். தைப்பார். இறங்குவார்.

"என்னங்க, திடீர்னு தொழில் மேல பாசம்?" என்று ஒருநாள் ஊசியோடு அவரைப் பார்த்துவிட்டு அண்ணி கேட்டாள்.

"கலைஞன் கை சும்மா இருக்காது."

"இருபது வருஷம் இருந்துதே."

இப்படியே ஒன்றரை மாதம். அண்ணியிடம் சொல்ல 'உரிய நேரம்' பல தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனது. அண்ணியைக் காசப் பரிசோதனைக்காவது அனுப்புங்கள் என்று மாத்திரை அக்கா இரண்டு தடவை கேட்டாள். "கடையை யாரு பாத்துக்கறது? எனக்குத்தான் முடியலையே" என்றார் தலைவர். அண்ணியும், "எனக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றாள். அப்போது அவள் அப்படித்தான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைவர் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பலகை காலியாக இருந்தது.

"வித்துட்டேன்!" என்றாள் அண்ணி. முகமெல்லாம் வெளிச்சம். "மூணு வருஷமா தூசி தின்னுட்டுக் கிடந்துது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். முதுகு வலியாம். 'உங்க கடையிலயே ஒசத்தியானதைக் காட்டுங்க'ன்னார். நான் அட்டையைத் திருப்பி வச்சுட்டேன். எங்க வீட்டுக்காரர் கைப்பட தச்சது சார், அவர் எதுலயும் கை வைக்கவே மாட்டார், இது ஒண்ணுதான் வச்சார்னு சொன்னேன். மனுஷன் உருகிட்டார்."

தலைவர் காலி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு? மூச்சு வாங்குதா? பாத்தீங்களா, சந்தோஷத்துல பேச்சே வரல."

அது என்னவோ உண்மை. பேச்சு வரவில்லை. புட்டி போய்விட்டது என்று மருத்துவமனையில் சொன்னால் எங்கே போயிற்று என்பார்கள். ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனால் விற்ற மெத்தையை ஏன் கேட்கிறாய் என்பார். இரண்டு முறை அந்தத் தெருவுக்குப் போய், இரண்டு முறையும் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆறு நாள் மாத்திரை இல்லாமல் போயிற்று.

ஏழாம் நாள் காலையில் ஹெட்மாஸ்டரே மெத்தையோடு ஒரு வண்டியில் வந்து இறங்கினார்.

"இதுல என்னமோ கட்டி இருக்கும்மா. முதுகுல குத்துது. நான் இருந்த வலிக்கே வழி கேட்டு வந்தேன். நீங்க புதுசா ஒண்ணு கொடுத்து அனுப்பியிருக்கீங்க."

அண்ணி மெத்தையைத் தரையில் போட்டாள். முட்டி போட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஓரம் ஒன்றில் கை நின்றது. மெத்தை ஓரத்தில் தையல் எல்லாம் ஒரே சீராக வரும்போது, அங்கே மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு நூல் முன்னும் பின்னும் தடுமாறியிருந்தது. தலைவர் தைத்த மெத்தைதான். ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய கை தடுமாறவில்லை. அவள் நூலை அறுத்து, கையை உள்ளே விட்டு, புட்டியை எடுத்தாள்.

"என்னம்மா அது?"

"பூச்சி மருந்து சார். பஞ்சுல பூச்சி வராம இருக்க வைக்கறது. எடுக்க மறந்துட்டார்" என்றாள் அண்ணி, கண் இமைக்காமல். ஒரே நிமிடத்தில் முழுக் கடைத்தெருவின் மானத்தையும் காப்பாற்றிவிட்டாள். புருஷனின் மானம் இவ்வளவு சுலபமாகக் காப்பாற்றப்பட்டது அவர் வாழ்க்கையில் அது முதல் தடவையல்ல.

ஹெட்மாஸ்டர் வேறு மெத்தை எடுத்துக்கொண்டு போனதும் பின்கட்டுக்கு வந்தாள். புட்டியைக் கட்டிலில் வைத்தாள்.

"இது என்னங்க?"

இதைவிட உரிய நேரம் இனி ஒன்று வராது. கதவு சாத்தியிருந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கேட்பது அவள். கையில் சாட்சி. தலைவர் வாயைத் திறந்தார். இருபது வருட மேடைப் பழக்கம், உண்மை வருவதற்குள் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"சத்து மாத்திரை."

"சத்து மாத்திரையை மெத்தைக்குள்ளயா ஒளிச்சு வைப்பாங்க?"

"தலைவன் சத்தில்லாம மாத்திரை தின்னுறான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா இயக்கம் என்ன ஆகறது?"

அண்ணி அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்க கௌரவத்துல இடி விழ! இதுக்கா திருடன் மாதிரி ஸ்டூல் மேல ஏறினீங்க? அலமாரில வைங்க. நானே எடுத்துத் தரேன் தினமும்."

அன்று முதல் அவளே எடுத்துக் கொடுத்தாள். தினமும் ஒரு முட்டையும் அவித்தாள். தலைவர் தேறிக்கொண்டே வந்தார். கழுத்து எலும்பு உள்ளே போனது. குரல் வெளியே வந்தது. தெருமுனை வரை கேட்டது. எதிர்வரிசைக் கடைக்காரர்கள் அவருடைய நோய் நாட்களை ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார்கள்.

தேறாதது அண்ணி. முதலில் யாரும் கவனிக்கவில்லை. கோணி ஊசியை ஒரே குத்தில் மறுபக்கம் வாங்குகிறவள், பாதியில் நிறுத்தி மூச்சு விட்டாள். மாடிப் படியில் நடுவில் உட்கார்ந்தாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள், பிறகு இன்னொரு தடவை பிடித்துத் தைத்தாள். இருமினாள். "பஞ்சு" என்றாள். அவள் மட்டுமா, எல்லோரும் பஞ்சு என்றார்கள். கடைத்தெருவில் இருமுகிறவர்களுக்கெல்லாம் பஞ்சு நோய் என்று தலைவர்தான் தீர்மானம் போட்டு வைத்திருந்தாரே.

நான்காவது மாதக் கடைசியில், பத்து நாளுக்கு இருக்க வேண்டிய புட்டியில் இரண்டு மாத்திரைதான் கிடந்தது. தலைவர் கட்டிலில் கொட்டி எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணிப் பார்த்தார். அடுப்பு மேடையில் அண்ணி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முதுகெலும்பு சேலைக்கு மேலாகவே தெரிந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. முடியாத நாட்களில் அவளும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். சத்து மாத்திரைதானே.

ஒரு மனிதன் எவ்வளவு கீழே போக முடியும் என்பதற்கு அளவுகோல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தலைவர் அன்று ஒரு நிமிடம் நடுங்கினார். அடுத்த நிமிடம் அவருக்குள்ளிருந்த பேச்சாளர் எழுந்து நின்றார். ஒரு வகையில் நல்லதுதானே, என்றார் பேச்சாளர். அவளுக்கு அது இருந்தால், மருந்து உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. இல்லாவிட்டால், ஒன்றும் கெட்டுப்போகாது. சொல்லாமலே சிகிச்சை. யாரும் அழ வேண்டாம், யாரும் கேள்வி கேட்க வேண்டாம். உள்ளே பலத்த கைதட்டல் எழுந்தது. தலைவர் மாத்திரைகளைப் புட்டியில் போட்டு மூடினார்.

அடுத்த மாதமும் மாத்திரை முன்னாலேயே தீர்ந்தபோது மருத்துவமனையில் மாத்திரை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம் கீழ கொட்டிடுச்சுன்னீங்க. இந்த மாசம் எலி தின்னுடுச்சுங்கறீங்க. எந்த எலிண்ணே எச்.ஐ.வி. மாத்திரை தின்னுது?"

தலைவர் சொன்னார். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா பையைக் கீழே வைத்தாள். பேசியபோது குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்பவாவது ஒண்ணு, எப்பவாவது ஒண்ணுன்னு போட்டா அது மருந்து இல்லண்ணே. பாம்பைப் பாதி அடிச்சு விட்ட மாதிரி. அடிபட்டது இன்னும் வெறியாத்தான் வரும். நாளைக்கு அண்ணிக்கு இந்த மாத்திரையே கேக்காமப் போகலாம். அவங்க இருமறாங்களாமே, தெருவுல சொன்னாங்க. எத்தனை நாளா?"

"ஒரு... ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம்! உங்களுக்குத் தினமும் ஒரு முட்டை அவிச்சுத் தந்தாளே, அந்தப் பொம்பளை என்னண்ணே பாவம் பண்ணினா?"

"சொல்லிடறேன்மா. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. பாராட்டு விழா. நோட்டீஸ் அடிச்சாச்சு. அது முடிஞ்சதும்..."

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"திங்கட்கிழமை. சத்தியமா. நாலு நாள்தானே."

நாலு நாள்தானே என்பது உண்மைதான். அதற்கு முன்னால் ஐந்து மாதம் போயிருந்தது. "திங்கட்கிழமை காலையில நானே வாசல்ல வந்து நிப்பேன். அதுக்குள்ள சொல்லியிருக்கணும்" என்றாள் அக்கா.

தலைவர் முயற்சி செய்யவில்லை என்று சொன்னால் பாவம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி கட்டிலில் போர்வை விரித்து அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் பின்கட்டின் தகரக் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையை இழுத்துத் தேய்ப்பாள், நிறுத்துவாள், மறு கையை இழுப்பாள். தலைவர் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நம் இல்வாழ்க்கை என்னும் நெடும் பயணத்தில்..."

"ஏங்க, பேச்சை என்கிட்டயே ஒத்திகை பாக்கறீங்களா? நான் கேட்டா கை தட்டக்கூட முடியாது, கையில இஸ்திரிப் பெட்டி."

"இல்ல, இது வேற..."

"உரக்கப் பேசுங்க, நீட்டிப் பேசாதீங்க. போன தடவை ஹெட்மாஸ்டர் தூங்கிட்டார்." இருமினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மறு கையால் காலரை மடித்தாள். "அஞ்சாறு மாசம் முன்னாடி நீங்க இருந்த இருப்புக்கு, இந்தச் சட்டையை யாருக்குத் தேய்ப்பேனோன்னு நினைச்சேன். இப்ப பாருங்க. எனக்கு அது போதும்."

அவளுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. இருமலாலா என்று தெரியவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். மேடையில் அவருக்கு எத்தனையோ அடைமொழிகள் கைகட்டி நின்றிருக்கின்றன. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. வெறும் வாக்கியம் ஒன்று வேண்டியிருந்தது. அந்தச் சாமான் அவரிடம் இல்லை.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

காச மாத்திரை முடிய இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. விழாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். அதில் பதினைந்து பேர் டீ முடிந்ததும் போய்விட்டார்கள். செயலாளர் வரவேற்புரையில் தலைவரை மலை என்றும் கடல் என்றும் சொன்னார். சைக்கிள் என்று மட்டும்தான் சொல்லவில்லை. அண்ணியை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். மாத்திரை அக்கா கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அந்த நிமிடம் அவர் மனதில் ஒரு பெரிய எண்ணம் ஓடியதாகப் பிற்பாடு செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் இங்கேயே, மக்கள் மன்றத்தில், உடைத்துச் சொல்லிவிடலாம் என்று. ஆளில்லாத பின்கட்டில் ஒருத்தியிடம் சொல்ல முடியாததை நாற்பது பேருக்கு முன்னால் சொல்ல முடியும் என்று தோன்றியதாம். தோன்றும். அவருக்கு அப்படித்தான் தோன்றும். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, வாயைத் திறந்ததும் பழைய பேச்சே வந்தது. பஞ்சு நோயை எப்படி வென்றேன் என்று ஐம்பது நிமிடம். கிருமி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. மருத்துவமனை ஒரு தடவை வந்தது, தம்முடைய மன உறுதியைக் கண்டு அது வியந்ததாக.

பேச்சு முழுக்க முதல் வரிசையிலிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. "அமைதி, அமைதி" என்றார் செயலாளர், யாரென்று பார்க்காமல். அண்ணி முந்தானையை இன்னும் இறுக்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மாத்திரை அக்கா சொன்னபடி வாசலில் நின்றாள். தலைவரின் முகத்தைப் பார்த்தாள். கேட்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

"அண்ணி, கிளம்புங்க. ரொம்ப நாளா இருமறீங்க. சளியும் ரத்தமும் பாத்துடுவோம்."

"ஐயோ, கடை?"

"கடையை நான் பூட்டறேன்" என்றார் தலைவர். பூட்டு எங்கே இருக்கிறது என்று அண்ணிதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் உண்டு என்று அக்கா விளக்கினாள். "எடுத்துக்குங்க, எனக்கென்ன பயம்?" என்று அண்ணி கையை நீட்டினாள். சளி கொடுத்தாள், ரத்தம் கொடுத்தாள். பிறகு நடையிலிருந்த நீள பெஞ்சில் அவளும் தலைவரும் உட்கார்ந்தார்கள். முடிவு மத்தியானத்துக்கு மேல் என்றார்கள். அண்ணியின் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சு காற்றாடிக் காற்றில் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள், சுற்றிலும் பார்த்துவிட்டு. "திட்டக் கூடாது."

"என்ன?"

"உங்க சத்து மாத்திரை முன்னாடியே தீர்ந்துபோச்சுல்ல? எலி தின்னுடுச்சுன்னீங்களே, எலி இல்ல. நான்தான். ரொம்ப முடியாத அன்னிக்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டேன். உங்களுக்குன்னு குடுத்தது. உங்க பங்கைத் திருடித் தின்னுட்டமேன்னு மனசு கேக்கல. மன்னிச்சுக்குங்க."

தலைவர் அவளுடைய கையைப் பார்த்தார். கோணி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது சத்து மாத்திரை இல்ல" என்றார்.

அடைமொழி இல்லாமல் தலைவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"பின்ன என்ன?" என்றாள் அண்ணி.

அவர் அடுத்த வாக்கியத்தைத் தேடுவதற்குள் மூன்று மணியாகி, உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அண்ணிக்கு இரண்டும் இருந்தது.